தொடங்கிய நூலை இடையில் விடுதல்

தொடங்கிய நூலொன்றை முடிவுகாறும் படித்தல் கடனோ, அன்றி, முடியாதெனக் கண்டவிடத்து விட்டொழிதல் தகுமோ என்னும் வினா, சிறிதெனத் தோன்றினும் சிறிதன்று. பொழுதுபோக்கிற்கென எடுத்த கதைநூலைப் பற்றி இவ்வினா எழுவதில்லை. பயனில்லாத நூலை முதலேட்டிலேயே மூடிவிடுதல் அறிவுடைமையேயாம். நல்ல நூலென்று தெளிந்து, பயன் கருதித் தொடங்கி, இடையிலே மேற்செல்ல மாட்டாது நிற்பார்க்கே இவ்வினா எழும். அவர்க்கு நூலை விடுதலும் துன்பம்; விடாது பற்றலும் துன்பம். அத்தகையார் ஒருவர்க்கு நேர்ந்ததனை முன்வைத்து ஈண்டு இது சிறிது ஆராயப்படும்.

காவிரிக் கரையிலுள்ள சிற்றூரொன்றில் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். நெல்மண்டியொன்றிற் கணக்கெழுதி நாற்பதாண்டு கழித்து ஓய்ந்தவர். இளமையிலே தேவாரத்தைப் பண்ணொடு பயின்றவர். நாடோறும் மாலையில் திருக்கோயிலுக்குச் சென்று வழிபடுதலும், மீண்டுவந்து வீட்டுத் திண்ணையிலே தெருப்பிள்ளைகள் ஐவரறுவர்க்குத் திருப்பதிகம் சொல்லிக்கொடுத்தலும் அவர்தம் வழக்கம். தமது அறுபத்தெட்டாம் வயதில், மகாசிவராத்திரி நாளன்று, சிவஞான முனிவர் அருளிச்செய்த சிவஞானபோத மாபாடியத்தை ஓராண்டில் முற்றப் படித்து முடிப்பதெனச் சந்நிதியில் நின்று உறுதி செய்துகொண்டார்.

மாபாடியம் எளிதிற் கைவரும் நூலன்று. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களும் 40 அடிகளுமே உடையது. அச்சிறு நூற்கு, 1785-ஆம் ஆண்டிற் சிவபரிபூரணம் எய்திய சிவஞான முனிவர் வகுத்த பேருரையோ, தருக்கமும் ஆகமப் பொருளும் இலக்கண முடிபும் ஒருங்கு விரவியது. புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனச் சமயங்களைப் பகுத்து, அவ்வவர் கோட்பாட்டை எடுத்து நிறுவி மறுத்துச் செல்வது. வாதம் செய்வார் இருவர்தம் சொல்லையும் ஒருங்கே நினைவில் வைத்தாலன்றி ஒரு பத்தியும் விளங்காது. முதியவர் முதற் சூத்திரத்தை எட்டுத் திங்களிற் கடந்தார். இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கும் அத்துவித நிலையை உணர்த்தும் இரண்டாஞ் சூத்திரத்தில் நின்றுபோனார். ஓராண்டு கழிந்தது, இரண்டாமாண்டும் கழியலாயிற்று. ஒரே பக்கத்தை இருபது நாள் படித்தும், மறுநாள் அது புதிய பக்கமாகவே தோன்றிற்று. இதனிடையே கண்ணிற் படலம் வளர்ந்து எழுத்துக்கள் மங்கத் தொடங்கின.

குறித்த காலம் கடந்ததே என்னும் கவலையால், மாலைப்பொழுதையும் அவர் நூலுக்கே அளித்தார். கோயில் வழிபாடு திங்கட்கு ஒருமுறை இருமுறையாகக் குறைந்தது. திண்ணைப் பாடமும் நின்றது. ஒருநாள் பெயரன் அருகிருந்து உரக்கப் பாடம் படித்தானென்று அவனைக் கடிந்து அடித்தும்விட்டார். அடித்த கையே சிறிது நேரத்தில் நடுங்கிற்று. அன்றிரவு அவர்க்கு உறக்கமில்லை. நூலை விட்டுவிடலாமென எண்ணுவார். சந்நிதியிற் சொன்ன சொல் என்னாவது என்று அஞ்சுவார். விடேனென்று துணிவார், விடியுமுன் அத்துணிவு தளரும்.

இந்நிலையில் அவர் செய்யற்பாலது யாது? நூலை விடலாகாதென்பார் கூறும் காரணங்கள் மூன்று. அவை வலியுடையனவே, ஆதலின் முதற்கண் அவற்றை நோக்குதல் முறை.

வினைசெய்வார் குறையாக விட்ட செயல், அவியாது விட்ட நெருப்பின் எச்சம்போலப் பின்னர்க் கேடு விளைக்குமெனத் திருவள்ளுவர் அறிவுறுத்தியது முதற் காரணமாகக் காட்டப்படும். இஃது உண்மையே. ஆயினும் ஒரு செயல் நிறைவெய்துவது எப்பொழுது என ஆராய்தல் வேண்டும். நெல் விளைவிப்பான் தொழில் களத்தில் நெல் வந்தபொழுது நிறைவெய்தும். ஏர் நடந்த சால்களின் தொகையால் நிறைவெய்தாது. படித்தலென்னும் தொழிற்குப் பயன் பொருளுணர்ச்சியே. பொருளுணராது கடைசி ஏட்டை அடைந்தவன் அவ்வினையை முடித்தவனல்லன். எச்சம் முழுவதையும் அகத்தே வைத்துப் புறத்தே முடித்ததாகக் காட்டினவனாவான்.

திருவாசகம் முதலியவற்றை முற்றோதல் செய்வார் இடையில் நிறுத்தாமை இரண்டாவது காரணமாகக் கூறப்படும். திருவாசகத்தின் 51 பகுதிகளையும் ஒருநாளில் ஒருங்கிருந்து ஓதி நிறைவு செய்தல் அடியார் வழக்கு. ஆனால் தோத்திரம் ஓதும் நெறி வேறு. சாத்திரம் ஆராயும் நெறி வேறு. தோத்திரத்தில் ஓதுதலே வழிபாடு. பொருள் முற்றும் விளங்காதவிடத்தும் அன்பு உள்நின்று உருக்குமாதலின், அங்கே ஓசையும் வீணாவதில்லை. சாத்திரத்திலோ ஐயம் அறுதலே பயன். ஐயம் நிற்க ஏடு மட்டும் நகருமாயின், அங்கே நிகழ்ந்தது ஓதலுமன்று, ஆராய்ச்சியுமன்று.

இறைவன் திருமுன் செய்த உறுதியை மீறலாமோ என்பது மூன்றாவது. முதியவரை வருத்தியதும் இதுவே. இதற்கு விடை பின்னர்க் காணப்படும்.

இனி, நூலை விடலாமென்பார் கூற்றையும் அங்ஙனமே நோக்குதல் வேண்டும். ‘பக்குவம் இல்லாதவிடத்து நூல் விளங்காது, பக்குவம் வந்தபொழுது தானே விளங்கும், ஆதலின் இப்பொழுது விடுதலே நெறி’ என்பர். பக்குவம் என்பது சைவ சித்தாந்தத்தின் உயர்ந்த சொற்களுள் ஒன்று. மலபரிபாகம் வந்தாலன்றிச் சத்திநிபாதம் இல்லை என்பது துணிந்த பொருள். ஆயினும் அவ்வுயர்ந்த சொல்லே சோம்பலுக்குப் போர்வையாதலும் உண்டு. கடினமான பக்கம் வந்தவுடன் பக்குவமின்மையை நினைவுகூர்வார், விருந்தில் இலைமுன் அமர்ந்தவிடத்து அதனை நினைவுகூரக் காணோம். இன்று ஒரு நூல், நாளை ஒரு நூலென எடுத்தெடுத்து வைப்பார்க்குப் பத்தாண்டு கழித்தும் பக்குவம் வாராது. அவர் தம்மை ஆராய்ந்து ‘பக்குவமில்லை’ என்று கண்டவரல்லர். ஆராய அஞ்சி அச்சொல்லிற் புகுந்தவர்.

ஆதலின் விடுதல் நன்றோ தீதோ என்பது, விடுதலென்னும் செயலை மட்டும் நோக்கித் துணியற்பாலதன்று. இதனைப் பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்துக் கூறிய மாணாக்கர் இலக்கணம் நன்கு விளக்கும். தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் ஆவையும், இடைமாணாக்கர்க்கு மண்ணையும் கிளியையும், கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றையும் அவர் உவமையாக வைத்தார். இவற்றுள் ஆவும் ஆடும் ஈண்டு உற்று நோக்கற்பாலன. ஆடு ஒரு செடியிற் சிறிது கடித்து மறுசெடிக்குத் தாவும். ஆவும் புல்வெளியை மேய்ந்து முடிப்பதில்லை; வயிறு கொண்டமட்டும் மேய்ந்து, எஞ்சியதை விட்டு நிழலுக்குச் செல்லும். இரண்டும் விடுவனவே. ஒன்று தலையாகவும் மற்றொன்று கடையாகவும் எண்ணப்பட்டது எற்றினாலெனின், ஆ விட்டபின் அசைபோடுகின்றது. ஆடு தாவியபின் முன்னைச் செடியை நினைப்பதில்லை. இனி நெய்யரியோ நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றும். நூலை முற்றும் படித்தும், பொருளை ஒழுகவிட்டு, ‘யான் படித்து முடித்தேன்’ என்னும் செருக்கையே பற்றி நிற்பார் அதனை ஒப்பர். முடித்தவரிலும் கடையாயினார் உண்டு. விட்டவரிலும் தலையாயினார் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

விடாது நின்று வென்றார்தம் வரலாறும் ஈண்டு மறக்கற்பாலதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்டுத் திருவாவடுதுறை ஆதீனச் சார்பில் வளர்ந்த உ. வே. சாமிநாதையரவர்கள், 1880-ஆம் ஆண்டிற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்கள். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரவர்களின் தூண்டுதலாற் சீவகசிந்தாமணியைக் கையிலெடுத்தார்கள். அந்தாதியும் கலம்பகமும் புராணமும் அளவின்றிக் கற்றிருந்த அப்பெரியார்க்கும் அந்நூல் எளிதில் விளங்கவில்லை. சமணர் வழக்கும் சமயப் பொருளும் அவர்கள் கற்றவற்றுள் இல்லை. அவர்கள் நூலையும் விடவில்லை. தனியே முட்டிமோதிக் கொண்டும் இருக்கவில்லை. கும்பகோணத்து வாழ்ந்த சைனரை நாடிச் சென்று, தெரியாதவற்றைக் கேட்டுத் தெளிந்தார்கள். 1887-ஆம் ஆண்டில் அந்நூல் அச்சேறி வெளிவந்தது. சைவ மடத்திற் பயின்று பேர்பெற்ற ஆசிரியரொருவர் பிற சமயத்தார் இல்லத்து மாணாக்கராய் அமர்ந்ததே அங்கு நிகழ்ந்த வெற்றி. நூல் விளங்காமைக்கு எப்பொழுதும் பக்குவமின்மையே காரணமன்று. கேட்பதற்கு நாணுதலும் காரணமாதல் உண்டு.

முதியவரும் இறுதியில் ஒருவரிடம் கேட்கத் துணிந்தார். அணித்தாயுள்ள ஊரில் வயது முதிர்ந்த தம்பிரான் ஒருவர் எழுந்தருளியிருந்தார். முதியவர் அவரை வணங்கி, நிகழ்ந்தவற்றைக் கூறி, ‘சுவாமி, இந்நூலை விடுதல் சிவாபராதம் ஆகுமோ?’ என்று வினவினார்.

தம்பிரான், ‘அது கிடக்க, நீர் இதனை எதன்பொருட்டுத் தொடங்கினீர்?’ என்றார்.

‘பதி பசு பாசத்தின் உண்மை தெளிய வேண்டித் தொடங்கினேன் சுவாமி.’

தம்பிரான் வாளா இருந்தார். முதியவர் தலைகுனிந்தார். நெடுநேரம் சென்றபின், ‘அவ்வளவும் மெய்யன்று, சுவாமி. ஒரு குருபூசைக் கூட்டத்திலே பலர் நடுவே ஒருவர், மாபாடியம் பார்த்ததுண்டோ என்று என்னை வினவினார். இல்லையென்று சொல்ல நாணி விழித்தேன். அவர் சிரித்தார். அடுத்த சிவராத்திரியில் இவ்வுறுதி செய்துகொண்டேன்’ என்றார். இதனை அதுவரை அவர் எவரிடத்தும் கூறியதில்லை, தம்மிடத்தும் கூறிக்கொண்டதில்லை.

தம்பிரான் அவரை இகழ்ந்திலர். ‘அந்நாணத்தையும் இகழவேண்டா, நூலை எடுப்பித்தது அதுவே. ஆயினும் மருந்து உண்பவர் நோய் தீர்தற்கு உண்பர். கலத்தின் அடியைக் காண்டற்கு உண்பாரில்லை. நீர் பதினைந்து நாள் நூலைக் கட்டிவையும். மாலையிற் கோயிலுக்குச் செல்லும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும். நூல் உம்மைத் தேடி வருகின்றதா என்று பாரும். வந்தால், வந்ததைக்கொண்டு என்னிடம் வாரும். விட்டோமென்னும் களிப்பு மட்டுமே மிஞ்சினால், அதனையும் ஒளியாது வந்து சொல்லும்’ என்றார்.

முதற் சில நாளில் முதியவர்க்குச் சுமை நீங்கிய இன்பமே தோன்றிற்று. பின்னர் ஒரு மாலையில், கோயிலினின்று மீள்கையில் இருட்டிவிட்டது. படலம் மூடிய கண்ணுக்கு வழி தெரியாமையாற் பெயரனுடைய கையைப் பற்றி நடந்தார். பெயரன், ‘தாத்தா, பகலிலே வெயில் நன்றாகத்தானே அடிக்கின்றது? அப்பொழுதும் உங்களுக்கு ஏன் மங்கலாகத் தெரிகின்றது?’ என்றான். ‘வெயிலில் குறையில்லையப்பா, என் கண்ணிலேதான் குறை. வெயில் இல்லாவிட்டால் இந்த மங்கலும் தெரியாது’ என்று விடையிறுத்தவர், அவ்விடத்தே நின்றுவிட்டார்.

அத்துவிதத்தை விளக்க உடலுயிரும், கண்ணும் கதிரவனும், உயிரறிவும் கண்ணொளியும் உவமையாக எடுத்தாளப்படுதலை அவர் பலகாற் படித்திருந்தார். கதிரவன் ஒளி கலந்தாலன்றிக் கண் காணாது, ஆயினும் கதிரவன் கண்ணாகிவிடுவதில்லை, காண்பது கண்ணே. கண்ணிற் படலம் இருக்கும்வரை, ஒளி எங்கும் நிறைந்திருந்தும் கண் தெளிவுறுவதில்லை. அவ்வாறே இறைவன் உயிரோடு பிரிப்பின்றி நிற்பினும் உயிரின் வினைக்கும் மலத்துக்கும் குறையுற்றவனாகான். அவன் நில்லாவிடின் உயிர்க்கு அறிவு நிகழ்தலுமில்லை. ஈராண்டாக ஏட்டிற் கிடந்த பொருள், பெயரன் கையைப் பற்றி நின்றபொழுது அவர்க்கு உரியதாயிற்று. முன்னொருநாள் தாம் அடித்த கை அதுவென்பதும் அப்பொழுது நினைவுக்கு வந்தது.

பதினைந்தாம் நாள் அவர் தம்பிரானிடம் சென்று இதனைக் கூறினார். தம்பிரான் மகிழ்ந்து, ‘இது சிந்தித்தல். இதற்கு முன் நீர் செய்தது எழுத்தெண்ணல். இனி மாபாடியத்தை விடலாம். விட்டும் அதனை நீங்கீர்’ என்றார். சந்நிதியிற் செய்த உறுதி யாதாமென முதியவர் வினவ, ‘யாரிடம் சொன்னீரோ, அவரிடமே சென்று, முடியவில்லையென்று வாய்விட்டுச் சொல்லும். சொல்லாது நழுவுதலே குற்றம். மாட்டாமையை ஒப்புக்கொள்வாரை இறைவன் கைவிடுவதில்லை’ என்றார். மூன்றாங் காரணத்துக்கு விடை இதுவேயாம். உறுதியை மறந்தாற்போல விடுதல் பொய். தன் அளவை உணர்ந்து, உறுதியை ஏற்றவன்முன் அதனை வைத்துவிடுதல் பணிவு. முன்னையதில் ‘யான்’ ஒளிந்துகொள்கின்றது. பின்னையதில் ‘யான்’ குனிகின்றது.

இங்ஙனம் கூறுதல் அரிய நூல்களின் பெருமையைக் குறைப்பதன்று. சிவஞான முனிவர் தாமே சிவஞானபோதத்துக்குப் பேருரையோடு சிற்றுரையும் செய்தருளினார். ஒரு பொருளையே கற்பார்தம் ஆற்றல் நோக்கிப் பெரிதாகவும் சிறிதாகவும் வழங்கிய கருணை அது. சித்தாந்த நூல்களின் அமைப்பும் அவ்வாறே. சிவஞானபோதம் முதனூல், அருணந்தி சிவாசாரியரின் சிவஞானசித்தியார் வழிநூல், உமாபதி சிவாசாரியரின் சிவப்பிரகாசம் சார்புநூல். ஒரு வாயிலிற் புக மாட்டாதார்க்கு மற்றொரு வாயில் திறந்திருக்கின்றது. சித்தியாரிற் பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில் இடர்ப்படுவார் சுபக்கத்தைப் பயின்று பயன்பெறுதலும் உண்டு.

மேலும், ஞானத்துக்குரிய படிகள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்காக வகுக்கப்பட்டன. இவற்றுள் முதற்படிக்குக் கேட்டலென்றே பெயர். தானே படித்து முடித்தலென ஒரு படி அவற்றுட் சொல்லப்படவில்லை. ஏட்டைப் பற்றிய அறிவு, சொல்லின் வழியாக வருதலிற் பாசஞானத்தின்பாற் படும். அது பதிஞானத்துக்குத் துணையாவதன்றி அதுவேயாகாது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யுணர்ந்தார் செயலாகக் கூறுவது, அடியார் கூட்டத்தோடு இணங்கி, அவர் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவமெனவே கண்டு வழிபடுதலையாம். முதியவர் இரண்டாஞ் சூத்திரத்தைப் படித்து முடித்தற்பொருட்டு, பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் நெறியிலே தமக்கு எளிதாய் வாய்த்திருந்த கோயில் வழிபாட்டைக் கைவிட்டிருந்தார். நூலைப் பற்றுவதாக எண்ணி நூலின் கருத்தை விட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அவர் தம் மாபாடியப் பிரதியை, அந்நூல் கற்க விரும்பியும் நூல் கிடையாதிருந்த இளைஞர் ஒருவர்க்குக் கொடுத்துவிட்டார். சிற்றுரையைப் பெயரன் நாடோறும் சிறிது சிறிதாக உரக்கப் படிக்க, அவர் கேட்டுவந்தார். விளங்காதவிடத்தைத் திங்கட்கொருமுறை தம்பிரானிடம் கேட்டனர். காஞ்சிப்புராணத்தின் முதற்காண்டத்தைச் சிவஞான முனிவரும், இரண்டாங் காண்டத்தை அவர் மாணாக்கர் கச்சியப்ப முனிவரும் அருளினர். இயற்றுதலிலேயே ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் நிறைவு செய்தல் இழுக்காகாதாயின், கற்றலில் ஒருவர் விட்ட இடத்தினின்று மற்றொருவர் தொடர்தல் எங்ஙனம் இழுக்காகும்?

ஆகலின், அரிய நூலொன்றில் இடர்ப்பட்டு நிற்பார் தம்மைத் தாமே வினவற்பாலன மூன்று. இதனைத் தொடங்கியது எதன்பொருட்டு? விளங்காததை வல்லாரிடம் கேட்டதுண்டா? ஏட்டை மூடியபின் அதன் பொருள் நெஞ்சில் வருகின்றதா? முதல் வினாவுக்குச் செருக்கு விடையாயின், முதலில் விடற்பாலது நூலன்று, அச்செருக்கே. இரண்டாவதற்கு இல்லையென்பது விடையாயின், விடுதற்குரிய காலம் இன்னும் வரவில்லை. மூன்றாவதற்கு ஆமென்பது விடையாயின், நூல் கையில் இருப்பினும் இல்லாதொழியினும் கற்றல் நிகழ்ந்தே வருகின்றது. இம்மூன்றையும் ஒளியாது வினவி, அதன்பின் நூலை மூடுவார் நூலைக் கைவிட்டவராகார். வினவாது மூடுவாரும், வினவாது முடிப்பாரும் ஓரினத்தவரே என்க.

திருச்சிற்றம்பலம்.